இருபத்தொன்று ஆட்டத்தின் வரலாறும் கணக்கும்



பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரில், சூலியா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. உங்களில் பலர் அதில் நடந்திருப்பீர்கள். பழைய கடை வீடுகளும், ஐந்தடி நடைபாதைகளும், வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் சிறு விடுதிகளும், மாலையானால் மீ விற்கும் வண்டிகளும் நிறைந்த தெரு அது. பள்ளி விடுமுறை ஒன்றில் நான் அங்குள்ள பழைய புத்தகக் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் தோட்டத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரை அங்கே எதிர்பாராமல் சந்தித்தேன். அவர் கையில் ஓர் ஆங்கிலப் புத்தகம். அட்டையில் சீட்டுகளின் படம். சூதாட்ட விடுதியில் 'இருபத்தொன்று' என்னும் ஆட்டத்தை ஆடுவது எப்படி என்று கற்பிக்கும் நூல் அது.

"வாத்தியாரையா, எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்க படிச்சுச் சொல்லணும்" என்றார்.

அவருக்கு அப்பொழுது 55 வயது நிறைந்திருந்தது. ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரவிருந்தது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். மகள் ஆறாம் படிவம் படித்துக் கொண்டிருந்தாள். சேமநிதியில் 5,000 வெள்ளியை எடுத்துக் கொண்டு மலைக்குப் போனால் அதை 20,000 ஆக்கிவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வேண்டாம், பாவம்" என்று ஒரே சொல்லில் நான் முடித்திருக்கலாம். ஆனால் பாவம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள்தாம் சூதாட்ட மேசைக்கும் போகிறார்கள். ஆகவே நான் அந்த நூலைப் படித்துச் சொன்னேன். அதனோடு, நூலில் இல்லாத வரலாற்றையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், நாங்கள் நின்ற தெருவையே எடுத்துக் கொள்வோம். 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கைக் கைக்கொண்டார். அதற்கு வெகுகாலம் முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்து நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எதிர்க்கரையிலுள்ள கெடாவுக்குக் கப்பலோட்டி வந்து கொண்டிருந்தார்கள். அவர்களே சூலியாக்கள். முதலில் மலபார் தெரு என்று பெயர் பெற்றிருந்த வீதி 1798-இல் சூலியா தெரு ஆயிற்று. 1801-ஐ ஒட்டி, காதர் முகைதீன் என்னும் சூலியர் தலைவர் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவினார். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா எழுந்தது. பக்கத்துக் குயின் தெருவில் 1833-இல் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது.

1794-இல் லைட் எழுதிய அறிக்கை ஒன்று நம் முன்னோரைப் பற்றிப் பேசுகிறது. சூலியாக்களில் ஏறக்குறைய 1,000 பேர் தீவில் குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் கடைக்காரர்களும் கூலிகளும் ஆவர். ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வணிகத்தாலும் உடலுழைப்பாலும் சில வெள்ளிகளைச் சேர்த்துக் கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வருகிறார்கள் என்பது அதன் சாரம். ஊர் திரும்பியவன் மடியில் இருந்தது அந்தச் சில வெள்ளிதான். அதைக் கொண்டுதான் அங்கே கடன் அடையும், கூரை வேயப்படும், தங்கைக்குத் திருமணம் நடக்கும்.

அந்த வெள்ளியின் மேல் வேறொருவர் கண்ணும் இருந்தது. லைட் காலத்துப் பினாங்கில் துறைமுகச் சுங்கவரி கிடையாது. கப்பல்கள் வரவேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்தார்கள். வரி இல்லையென்றால் அரசாங்கச் செலவுக்குப் பணம் ஏது? அதற்குக் கண்டுபிடித்த வழி குத்தகை. அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமை ஆகியவற்றை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் மாதந்தோறும் அரசுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அதற்கு மேல் வருவதெல்லாம் அவருடைய இலாபம். உரிமையில்லாமல் வேறெவரும் கூடம் நடத்தாதபடி அவருடைய ஆள்களே காவல் காத்தார்கள். அரசாங்கத்துக்குத் தண்டல்காரர் சம்பளமும் மிச்சம், கெட்ட பெயரும் மிச்சம்.

சிங்கப்பூரில் நடந்த கதை இதைவிடத் தெளிவானது. 1820-இல் அங்கே ஃபார்க்குவார் சூதாட்டக் குத்தகையைத் தொடங்கினார். 1823-இல் ராஃபிள்ஸ் அதை ஒழித்தார். அவர் கப்பலேறிப் போன அதே ஆண்டில் கிராஃபர்ட் அதை மீண்டும் கொண்டு வந்தார். 1829-இல்தான் அது இறுதியாக நின்றது. இடித்த கடையைச் சில மாதங்களில் திரும்பக் கட்ட வைக்கும் அளவுக்கு அதில் வருமானம் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மலாய் நாட்டு ஈயச் சுரங்கங்களிலும் இதே முறை பரவியது. சுரங்கத்தில் உழைத்த சீனத் தொழிலாளியின் கூலி, அபின் கடைக்கும் சூதாட்டக் கூடத்துக்கும் திரும்பிப் போயிற்று. பேராக்கில் சுங் கெங் குவீ, சிலாங்கூரில் லோக் இயூ ஆகிய பெருஞ்செல்வர்கள் சுரங்கமும் நடத்தினார்கள், குத்தகைகளும் எடுத்தார்கள். சுங் கெங் குவீ கட்டிய மாளிகை, சூலியா தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில், சர்ச் தெருவில் இன்றும் பச்சை வண்ணத்தில் நிற்கிறது. ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் வாங்கிக் கொள்ளும் வித்தை அது. தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்களில் சூதாட்டக் குத்தகை 1912-ஆம் ஆண்டு முடிவில்தான் ஒழிந்தது.

நம் நாட்டில் இன்றைய சட்டம் 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டக் கூடச் சட்டம் ஆகும். அனுமதியின்றிச் சூதாட்டக் கூடம் நடத்துவது குற்றம். நிதியமைச்சரின் உரிமம் இருந்தால் நடத்தலாம். அப்படி உரிமம் பெற்ற ஒரே சூதாட்ட விடுதி கெந்திங் மலையில் இருக்கிறது. லிம் கோ தோங் என்னும் குத்தகைப் பணியாளர் 1965-இல் அதற்கான நிறுவனத்தைத் தொடங்கிக் காட்டை வெட்டிச் சாலை போட்டார். 1969-இல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் விடுதிக்கு அடிக்கல் நாட்டினார். 1971-இல் விடுதி திறக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கும், 21 வயது நிறையாதவர்களுக்கும் சூதாட்டக் கூடத்துக்குள் அனுமதி இல்லை. சிங்கப்பூர் அரசு 2010-இல் இரண்டு சூதாட்ட விடுதிகளைத் திறக்க விட்டபோது, தன் குடிமக்கள் உள்ளே போக நுழைவுக் கட்டணம் விதித்தது. 100 வெள்ளியாக இருந்த அக்கட்டணம் 2019-இல் 150 சிங்கப்பூர் வெள்ளி ஆயிற்று. சொந்த மக்களை வாசலிலேயே தடுத்து யோசிக்க வைக்கும் ஏற்பாடு அது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். இது மிகவும் பழைய ஆட்டம். ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1613-இல் வெளியிட்ட கதை ஒன்றில், சீட்டாடி ஏமாற்றிப் பிழைக்கும் சிறுவன் ஒருவன் இருபத்தொன்று ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறான். பின்னர் அது பிரான்சில் பெருவழக்காயிற்று. அமெரிக்காவுக்குப் போய் 'பிளாக் ஜாக்' என்ற பெயர் பெற்றது. அங்கே நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்த பிறகு உலகெங்கும் பரவிற்று. சீனப் பெருநாளில் நம் அண்டை வீட்டார் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடுகிறார்களே 'பான் லக்', அதுவும் இதன் உறவுதான்.

விதிகள் எளியவை. 2 முதல் 10 வரையுள்ள சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10. ஏஸ் சீட்டை 1 என்றும் கொள்ளலாம், 11 என்றும் கொள்ளலாம். ஆடுபவருக்கு இரண்டு சீட்டு. விடுதியின் ஊழியர் தமக்கு ஒரு சீட்டைத் திறந்து காட்டுவார். ஆடுபவர் 'இன்னொன்று' என்று கேட்கலாம், 'போதும்' என்றும் நிற்கலாம். 21-க்கு அருகில் வருபவருக்கு வெற்றி. 21-ஐத் தாண்டினால் தோல்வி. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு பத்தும் வந்தால் அதுவே பிளாக் ஜாக். 10 வெள்ளி கட்டியவருக்கு வழக்கமாக 15 வெள்ளி கிடைக்கும். சில மேசைகளில் 12 வெள்ளிதான் தருவார்கள். அது ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். ஊழியருக்கு விருப்பமே கிடையாது. 16 வரை அவர் சீட்டு எடுத்தே தீர வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும். சிறு விதிகள் மேசைக்கு மேசை சற்று மாறும்.

இதைக் கேட்டவுடன் எங்கள் பெரியவர், "அப்போ நமக்குத்தானே வசதி? நாம யோசிக்கலாம், அவன் யோசிக்க முடியாதே!" என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விடுதியின் இலாபம் எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? ஆடுபவர் முதலில் ஆட வேண்டும் என்பதில்தான். நீங்கள் 21-ஐத் தாண்டிவிட்டால் உங்கள் பணம் அப்பொழுதே போய்விடும். பிறகு ஊழியரும் தாண்டினால்? அது சமம் ஆகாது. உங்கள் பணம் திரும்பி வராது. ஊழியர் 100 ஆட்டத்தில் ஏறக்குறைய 28 முறை தாண்டுகிறார். நீங்களும் அவரைப் போலவே 17 வரை எடுத்து ஆடினால் நீங்களும் 28 முறை தாண்டுவீர்கள். இருவரும் தாண்டுவது 100-க்கு ஏறக்குறைய 8 முறை. அந்த 8-ம் விடுதிக்கே. பிளாக் ஜாக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கழித்தாலும், 100 வெள்ளிக்கு ஐந்தரை வெள்ளி அதன் பக்கம் நிற்கும்.

இதைக் குறைக்க வழி உண்டா? உண்டு. 1956-இல் அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிந்த நான்கு பேர், மேசைக் கணக்குப் பொறியைக் கொண்டே ஒவ்வொரு சீட்டுக்கும் சரியான முடிவு எது என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதன் சாரம் இதுதான். கையில் 16 இருக்கையில் இன்னொன்று கேட்டால், 13 வகைச் சீட்டில் 8 வகை உங்களை வீழ்த்தும். 12 இருந்தால் 4 வகைதான் வீழ்த்தும். ஊழியர் 6 காட்டினால், அவர் 100-க்கு ஏறக்குறைய 42 முறை தாண்டுவார். ஆகவே அப்பொழுது 12 இருந்தாலும் நிற்பதே நன்று. அவர் 7-க்கு மேல் காட்டினால், 16 வரை துணிந்து கேட்க வேண்டும். இரண்டு ஏஸ், இரண்டு எட்டு வந்தால் பிரித்து ஆட வேண்டும். ஊழியர் ஏஸ் காட்டும்போது 'காப்புறுதி' என்று ஒரு பந்தயம் கேட்பார்கள். அதை வாங்கவே கூடாது. ஒரு கட்டில் மீதமுள்ள 51 சீட்டில் பத்து மதிப்புள்ளவை 16, மற்றவை 35. அவர்கள் தருவதோ ஒன்றுக்கு இரண்டுதான். காப்புறுதி என்ற பெயர்தான் நம்மைக் காக்கிறது போலத் தோன்றுகிறது.

இவ்வளவையும் பிசகாமல் செய்தால் விடுதியின் பங்கு 100 வெள்ளிக்கு அரை வெள்ளியாக, அதாவது 50 காசாக இறங்கும். ஒழியாது. எட்வர்ட் தோர்ப் என்னும் கணிதப் பேராசிரியர் கணினியின் துணைகொண்டு, வெளியேறிய சீட்டுகளை மனத்தில் எண்ணி விடுதியையே வெல்லலாம் என்று கண்டு, 1962-இல் நூல் எழுதினார். விடுதிகள் சும்மா இருந்தனவா? பல கட்டுகளைக் கலந்து ஆடத் தொடங்கின; எண்ணுகிறவர் என்று ஐயப்பட்டவர்களை வெளியே அனுப்பின. நாம் கற்றுக் கொண்டு வெல்லும்படி எந்தக் கடைக்காரரும் கடை விரிப்பதில்லை.

50 காசுதானே என்று எண்ண வேண்டாம். அது ஒரு முறை கட்டும் 100 வெள்ளிக்கு. மேசையில் ஒரு மணி நேரத்தில் 60 ஆட்டம் நடப்பதாகக் கொள்வோம். ஆட்டத்துக்கு 20 வெள்ளி என்றால், உங்கள் கையில் 200 வெள்ளியே இருந்தாலும், மேசையில் புரண்டது 1,200 வெள்ளி. நன்கு கற்றவருக்கு அதில் சராசரி இழப்பு மணிக்கு 6 வெள்ளி. ஊழியரைப் போல ஆடுபவருக்கு 66 வெள்ளி. நான்கு எண் சீட்டு இதைவிட மோசம். 10,000 எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால், பெரிய பந்தயத்தில் எல்லாப் பரிசுகளும் சேர்ந்து 6,400 வெள்ளிதான் திரும்பும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விடுதிக்கு ஒரு காசுகூடச் சாதகமில்லாத, பூவா தலையா போன்ற நேர்மையான ஆட்டம் என்றே வைத்துக் கொள்வோம். ஒருவரிடம் 100 வெள்ளி, எதிராளியிடம் 9,900 வெள்ளி. ஒருவர் கை காலியாகும் வரை ஒவ்வொரு வெள்ளியாக ஆடினால், 100-க்கு 99 முறை காலியாவது 100 வெள்ளிக்காரர் கைதான். அதிர்ஷ்டம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் கெட்ட நேரத்தைத் தாங்கிக் கொள்ளப் பெரிய மடி வேண்டும். குடத்துத் தண்ணீர் கிணற்றோடு போட்டியிட முடியுமா?

அன்றிரவு தோட்டத்தில், பெரியவர் வீட்டுத் திண்ணையில், ஒரு சீட்டுக் கட்டோடும் 100 புளியங்கொட்டையோடும் உட்கார்ந்தோம். நான் விடுதி ஊழியர், அவர் ஆட்டக்காரர். அவருடைய மனைவியும் மகளும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். இருபதாவது ஆட்டத்தில் அவரிடம் 130 கொட்டை இருந்தது. முகம் மலர்ந்தது. அறுபதாவது ஆட்டம் முடிந்தபோது 74 இருந்தது. அவர் தாண்டிய பின் நானும் தாண்டிய ஒவ்வொரு முறையும் மகள் தாளில் ஒரு கோடு போட்டிருந்தாள். ஐந்து கோடுகள்.

"நூத்து முப்பது வந்தப்பவே எந்திரிச்சிருக்கலாமே?" என்று அவர் மனைவி கேட்டார்.

அவர் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து என்னைப் பார்த்து, "கங்காணி கணக்கு மாதிரியில்ல இருக்கு வாத்தியாரே! எப்படிக் கூட்டினாலும் நம்ம பக்கம்தான் பாக்கி" என்றார்.

அன்றோடு அவர் ஆசை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மனித மனம் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. சில மாதங்களுக்குப் பிறகு தோட்டத்துக்காரர்களோடு பேருந்தில் மலைக்குப் போனார். மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஒரு மணி நேரம் நின்னு வேடிக்கை பார்த்தேன். தோத்தவன் எந்திரிக்கல, சரி. ஜெயிச்சவனும் எந்திரிக்கலையே!"

நேயர்களே, திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே, 94-ஆம் அதிகாரத்தை, ஒதுக்கினார். அதன் தொடக்கத்திலேயே அவர் எச்சரிப்பது தோல்வியைக் குறித்து அல்ல, வெற்றியைக் குறித்தே. படிக்கும் காலத்தில் எனக்கு அது விளங்கவில்லை. அந்தப் பெரியவர் ஒரு மணி நேரம் நின்று பார்த்ததில் விளங்கிற்று.

அவருடைய சேமநிதிப் பணம் வீட்டுக்கு முன்பணமாகப் போயிற்று. சூலியா தெருவில் வாங்கிய அந்தப் புத்தகம் இப்பொழுது என் வகுப்பறை அலமாரியில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு நடத்தும் நாளில் அதை எடுப்பேன். சீட்டுக்குப் பதில் 13 அட்டைகளில் எண்களை எழுதிக் கொடுப்பேன். 16-ஐ வைத்துக் கொண்டு இன்னொன்று கேட்டால் எத்தனை அட்டை வீழ்த்தும் என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் யாரேனும் மலைக்குப் போகப் புறப்பட்டால், சினந்து பேசுவதற்கு முன் ஒரு கட்டுச் சீட்டையும் 100 புளியங்கொட்டையையும் எடுத்து வையுங்கள். பிள்ளைகளைக் கோடு போடச் சொல்லுங்கள்.

200 ஆண்டுகளுக்கு முன் சூலியா தெருவில் கப்பலுக்குக் காத்திருந்த கூலிக்காரர் மடியில் முடிந்திருந்த சில வெள்ளியும், இன்று உங்கள் சேமநிதிக் கணக்கில் இருக்கும் வெள்ளியும் ஒரே விதமாக வந்தவை. இரண்டும் வேர்வையில் வந்தவை. அதை எண்ணத் தெரிந்தவர் கையில் அது நிற்கும்.